மேல் வரிசையில் ஒரு படம்

அய்யனார் கோவில் சாலை,
இராஜபாளையம்.
9 ஜூன் 2025

உரிமையாளர்,
சமுத்திரம் ஜெராக்ஸ் மற்றும் பிளக்ஸ் பிரிண்டிங்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

உரிமையாளர் அவர்களுக்கு,

ஒரு கையேட்டை அச்செடுத்து அனுப்பக் கேட்டு இதை எழுதுகிறேன்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். புகைப்படங்களைத் திருத்தும் ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் அதில் இருக்கிறது. உதவி என்ற இடத்தை அழுத்தினால், கையேடு இணையத்தில் இருக்கிறது, அங்கே போய்ப் படித்துக்கொள் என்கிறது. கிணற்றில் விழுந்தவனிடம் கயிறு மேலே இருக்கிறது, ஏறி வந்து எடுத்துக்கொள் என்று சொல்வதுபோல. என் தோப்பில் இணையம் இல்லை. மலை மறைக்கிறது. போன் பேசுவதென்றாலே மோட்டார் அறையின் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். நான் ஏறுவதில்லை.

இராஜபாளையத்தில் கடைகள் இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். இருக்கின்றன. இரண்டு கடைக்காரர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாமவர், "யூடியூப்ல பாத்துக்கிடுங்க சார், இதுக்குப் போயி பொஸ்தகமா?" என்றார். இப்போது அவரோடும் இல்லை.

எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். ஸ்பைரல் பைண்டிங் போடவும். பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். யாரும் நேரில் கொண்டுவர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சங்கிலிப்பாண்டி, எம்.ஏ., எம்.ஃபில்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
14 ஜூன் 2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கவரின் மேல் எங்கள் கடைப் பெயரை முழுதாக எழுதியிருந்தீர்கள். அப்பா பெயரை உங்கள் கையெழுத்தில் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது. போஸ்ட்மேன், "ஏக்கா, இது ஒங்க அண்ணன் தோப்பு அட்ரஸ்லா?" என்று கேட்டார். இல்லை, யாரோ ஒரு வாடிக்கையாளர் என்று சொல்லிவிட்டேன். அப்படித்தானே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

கையேடு பெரிது. முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டினால் கையில் பிடித்துப் படிக்க முடியாது. முதல் பாகம் அனுப்புகிறேன். கனம் குறையட்டும் என்று ஒரு தாளில் இரண்டு பக்கமாகப் போட்டிருக்கிறேன்.

ஒரு செய்தி. எங்கள் மகள் மகாலட்சுமிக்கு ஆவணி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். சோழபுரத்துப் பையன், மதுரையில் வேலை. வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் சொல்கிறோம், அதனால் உங்களுக்கும் சொன்னேன். தாய்மாமன் மாலையை யாரிடம் கேட்பதென்றுதான் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதவும்.

இப்படிக்கு,
மாரிசெல்வி,
உரிமையாளர்.


இராஜபாளையம்,
20 ஜூன் 2025

உரிமையாளர் அவர்களுக்கு,

பார்சல் வந்தது. படிக்க முடியவில்லை.

எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. அதையாவது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிடலாம். படங்கள்? அமாவாசையில் எருமையைப் படம் எடுத்த மாதிரி இருக்கின்றன. "கீழே காட்டியுள்ள குறியை அழுத்தவும்" என்கிறது ஆங்கிலத்தில். கீழே காட்டியிருப்பது கரி. ஒரு பக்கத்தைத் திருப்பினால் என் விரல் ரேகை அடுத்த பக்கத்தில் பதிகிறது.

இருந்தாலும் படித்தவரையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மென்பொருளில் ஒரு இடத்தை வெட்டி எடுத்துவிட்டால், அங்கே வெள்ளையும் வருவதில்லை, கறுப்பும் வருவதில்லை. சதுரங்கப் பலகைபோல் சாம்பல் கட்டங்கள் தெரிகின்றன. வெள்ளை என்றால் அதுவும் ஒரு நிறம் ஆயிற்றே. இங்கே ஒன்றுமே இல்லை என்பதை எப்படித்தான் காட்டுவது? யாரோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். இருபது வருடம் வரலாறு பாடம் நடத்திய எனக்கு, இல்லாததைக் காட்ட ஒரு வழி இருக்கும் என்று தோன்றியதே இல்லை. அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன்.

என் மனைவி ஈஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தங்கச்சிக்கு ஒரு லெட்டர் போட இம்புட்டுப் பெரிய பொஸ்தகம் வேணுமாக்கும்?" என்றாள். அவளோடும் இரண்டு நாள் பேசவில்லை.

மாலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.

படிக்கும்படி அச்சடித்து மறுபடி அனுப்பவும்.

இப்படிக்கு,
சங்கிலிப்பாண்டி, எம்.ஏ., எம்.ஃபில்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
3 ஜூலை 2025

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்த மென்பொருளின் திரையே இப்போது கறுப்பாகத்தான் வருகிறதாம், கண்ணுக்கு இதம் என்று. தாளில் வந்தால் கரிதான். அதனால் கையேட்டில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கறுப்பை வெளுப்பாக மாற்றி, எழுத்தையும் பெரிதாக்கி, தாளுக்கு ஒரு பக்கமாகப் போட்டாயிற்று. மத்தியானம் கடையில் ஆள் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்ததால் இத்தனை நாள். மூன்று பாகமாக வருகிறது. உங்களுக்குத் தேவைப்படாத, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான அத்தியாயங்களை விட்டுவிட்டோம். வேண்டுமென்றால் சொல், அதையும் அனுப்புகிறேன்.

சொல் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும். அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாரிசெல்வி.


இராஜபாளையம்,
12 ஜூலை 2025

உரிமையாளர் அவர்களுக்கு,

இப்போது வந்திருப்பது புத்தகம். முன்பு வந்தது கரி மூட்டை.

குறை இல்லாமல் இல்லை. கையேடு புதிய பதிப்புக்கு எழுதியது, என் கம்ப்யூட்டரில் இருப்பது பழையது. வலது பக்கம் தெரியும் என்று சொல்லும் பெட்டி எனக்கு வேறெங்கோ இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் எல்லாம் சிவப்புப் பேனாவில் அம்புக்குறி போட்டு, "பழசில் இங்கே" என்று எழுதியிருக்கிறது. என்னிடம் இருப்பது பழசு என்று நான் எழுதவே இல்லையே. அம்பு போட்டவருக்கு எப்படித் தெரிந்தது? வாடிக்கையாளர் என்ற முறையில் கேட்கிறேன்.

எங்கள் நாயைப் படம் எடுத்துப் பழகுகிறேன். அதன் கழுத்துச் சங்கிலியை எடுத்துவிட்டேன். பக்கத்து ரோமத்தையே எடுத்துப் பூசிப் பூசி மறைக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. இப்போது அது யாருக்கும் கட்டுப்படாத நாய்போல் நிற்கிறது. என் வழுக்கையையும் முயன்றேன். ஈஸ்வரி பார்த்துவிட்டு, "யாரு இது, கல்யாணத்துக்கு முந்தி என்னையப் பொண்ணு பாக்க வந்த வேற ஆளா?" என்றாள்.

லேயர் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் நாளாயிற்று. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து பார்ப்பது. ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண். அதை அழுத்தினால் தாள் மறைகிறது. மறைகிறதே தவிரப் போய்விடுவதில்லை. மறுபடி அழுத்தினால் விட்ட இடத்தில் விட்டபடி வந்து நிற்கிறது. ஒரு காலைப்பொழுது முழுக்க நாய்ச் சங்கிலியை வரவும் போகவும் வைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு கேள்வி. தொழில்முறையாகக் கேட்கிறேன். விசேஷ வீட்டு பேனர் ஒன்று. மேல் வரிசையில் இறந்துபோன பெரியவர்களுக்கு ஒளிவட்டம் போட்டு, கீழே குத்துவிளக்கு எரியும் சட்டங்கள். அதில் உயிரோடு இருக்கிற ஒருவன் படம் ஏறிவிடுகிறது. இது தவறுதலாக நடக்க வாய்ப்பு உண்டா?

சரி, சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது. மகா பெரியவளானபோது மண்டப வாசலில் நீங்கள் கட்டிய பேனரைச் சொல்கிறேன். மேலே அப்பா, அம்மா, மூன்றாவதாக நான். மூன்று பேருக்கும் விளக்கு எரிந்தது. நான் சீர்த்தட்டோடு வந்துகொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் தளவாய்புரத்துப் பெரியப்பா ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா நடந்துச்சு? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லி விடலயே" என்று அழுகிறார். நான் இருமினேன். திரும்பினார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். அவர் பேனரைத்தான் நம்பினார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தவன்தான்.

அதற்கு முந்தின வாரம், பத்தாம் வகுப்பைத் தாண்டாதவருக்கு என் தங்கையைக் கொடுத்தோமே என்று நாலு பேர் நடுவில் உன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசியிருந்தேன். அவர் தன் கையில் இருந்த கருவியால் பதில் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, அதில் ஒருவன் தெரியாமல் இப்படிச் செய்ய முடியுமா என்று நானே பார்க்க வேண்டும். அதற்குத்தான் கையேடு. வேறு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
சங்கிலிப்பாண்டி, எம்.ஏ., எம்.ஃபில்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
23 ஜூலை 2025

அண்ணே,

ஆடிப்பூரத் தேருக்குப் பேனர் வேலை குவிந்து கிடக்கிறது. இருந்தாலும் உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். வழுக்கை வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். பேனர் வந்ததும் மௌஸைக் கீழே வைத்துவிட்டார்.

முதலில் அம்புக்குறி. இவர்தான் போட்டார். உனக்குக் கம்ப்யூட்டர் விற்ற சேக் முகைதீன் பாய்க்குப் போன் போட்டு, "எங்க மச்சானுக்கு என்ன வெர்ஷன் ஏத்திக் கொடுத்திய?" என்று கேட்டுக்கொண்டு, அதே பழையதை இங்கேயும் ஏற்றி வைத்து, பக்கம் பக்கமாக ஒத்துப்பார்த்தார். என்னிடம் சொல்லாதே என்றார். நீ கேட்டதால் சொல்கிறேன்.

இப்போது உன் கேள்வி. இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அது சேத்தூர்காரவுகளுக்குப் போட்ட பழைய பைலு. அவுக வீட்ல மேல மூணு பேரு. நமக்கு மாமாவும் அத்தையும் ரெண்டு பேருதான. ஒரு சட்டம் காலியாக் கெடந்துச்சு. மச்சான் அம்புட்டுப் படிச்சவரு, கீழ மத்தவுக தலையோட தலையா எப்பிடி வைக்க? மேல இருந்தாத்தான மரியாதன்னு ஏத்துனேன். சிஸ்டம் மாட்டு வண்டி கணக்கா ஓடுச்சு. வெளக்கு, வட்டம் எல்லாத்துக்கும் கண்ண மூடிட்டு வேல பாத்தேன். வெளக்கு இருந்ததே மறந்துபோச்சு. பிரிண்டுக்கு விடும்போது மொத்தமாத் தொறந்தேன். தொறந்தா எல்லாந்தான வரும்?"

எனக்கு அப்போதே சொன்னார். உனக்குச் சொல்ல மறுநாள் தோப்புக்கு வந்தார். நீ நாயை அவிழ்த்து விட்டாய். வேட்டி கிழிந்து வந்தவர் அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. இப்போதுகூட உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, படத்துல சங்கிலிய எடுத்துட்டாராம்லா. நெசத்துலயும் எடுத்து வச்சிருக்காரோ என்னமோ, கேட்டு எழுது" என்கிறார்.

மகா கல்யாணத்துக்கு பேனர் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் செய்கிறவர், வீட்டு விசேஷம் என்றால் கை வரவில்லையாம். நீ செய்து தா. பென்டிரைவில் எல்லோருடைய படமும் இருக்கிறது. மாதிரிக்கு அந்தப் பழைய பைலையும் வைத்திருக்கிறேன். உன் புத்தகத்தோடு ஒத்துப்பார்.

மகா தினமும், மாமா வருவாகளா என்று கேட்கிறாள். வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
செல்வி.


இராஜபாளையம்,
6 ஆகஸ்டு 2025

செல்விக்கு,

நாய் கட்டியே கிடக்கிறது. அவரிடம் சொல்.

அவர் கொடுத்த விளக்கம் நம்பும்படி இருக்கிறது. நம்பும்படியான விளக்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் என்னைவிட வயதில் சின்னவனைத் துறைத்தலைவர் ஆக்கியபோதும் முதல்வர் ஒன்று சொன்னார். அதுவும் நம்பும்படிதான் இருந்தது. அந்தப் பைலைத் திறந்து ஒவ்வொரு கண்ணாக மூடியும் திறந்தும் பார்த்தேன். அவர் சொன்னபடி நடக்கலாம். நடக்கலாம் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. வரலாற்றில் இதற்கு மேல் சொல்ல முடியாது.

பேனர் முடிந்தது. பென்டிரைவ் இந்தக் கவரிலேயே இருக்கிறது. புதிதாகத் தொடங்காமல் உன் பழைய பைலின் மேலேயே செய்தேன். அதன் ஓரப் பூ வேலை எனக்குப் பிடித்திருந்தது. சோழபுரத்துப் பையனின் முகத்தில் நிழல் விழுந்திருந்தது, எடுத்துவிட்டேன். மகாவின் படத்தில் நான் எதையும் தொடவில்லை. அம்மாவின் மூக்கு அவளுக்கு. அதை அத்தனை பெரிதாக்கிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவர் என்பதால் உன் வீட்டுக்காரருக்கு நல்ல இடமாகவே கொடுத்திருக்கிறேன். யாரும் என்னைக் குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

என் கம்ப்யூட்டர் உங்கள் பழைய மாட்டு வண்டிக்கு அண்ணன். பாதித் தாள்களின் கண்ணை மூடிவைத்துத்தான் வேலை ஓடியது. முடிக்கிற நேரத்தில் மலைக்காற்றில் கம்பி உரசிக் கரண்டு போயிற்று. யுபிஎஸ் கத்துகிறது. நல்லவேளை, ஷிப்டை அழுத்திக்கொண்டு கண்ணை அழுத்தினால் எல்லாம் ஒரே தடவையில் திறக்கும் என்று இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. திறந்தேன், சேமித்தேன், பென்டிரைவைப் பிடுங்கினேன். திரை அணைந்துவிட்டது. கையேடு இல்லாவிட்டால் இந்தச் சமயோசிதம் வந்திருக்காது.

பேனர் செய்தேன் என்பதால் கல்யாணத்துக்கு வருவேன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்.

சங்கிலிப்பாண்டி.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
11 ஆகஸ்டு 2025

அண்ணே,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கவர் வந்தபோது சோழபுரத்துச் சம்பந்தி கடையில் உட்கார்ந்திருந்தார், பத்திரிகை வாங்கிப்போக வந்தவர். பென்டிரைவை மட்டும் எடுத்து இவரிடம் கொடுத்தேன். கடிதத்தை அப்புறம் படிக்கலாம் என்று மடியில் வைத்துக்கொண்டேன். இவர் படத்தைத் திறந்தார். மகாவும் மாப்பிள்ளையும் நடுவில் அழகாக நிற்கிறார்கள். ஓரத்தில் பூ வேலை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சம்பந்திதான் முதலில் பார்த்தார். "ஏங்க சம்பந்தி, ஒங்களுக்குல்லா வெளக்கு ஏத்தியிருக்காவ!"

மேலே அப்பா, அம்மா, மூன்றாவதாக இவர். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் ஜொலிக்கிறது. கீழே ஐந்து முகமும் எரிகிற குத்துவிளக்கு.

லேமினேஷன் எடுக்க வந்திருந்தவர்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். நான் இவர் முகத்தைப் பார்க்கிறேன். நாற்காலி ஆடுகிறது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிப்பு, அண்ணே. சத்தமே வராத சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியிடம் சொன்னார்: "எங்க மச்சான் எனக்குப் பெரிய எடமாக் குடுத்திருக்காரு."

எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே செய்திருக்கிறான், பதினோரு வருடம் காத்திருந்து பழி வாங்கியிருக்கிறான் என்று உன்னைத் திட்டினேன். சம்பந்தி முன்னாலேயே திட்டினேன். அதற்கு இவர், "ஏட்டி, வாய மூடு. வேணும்னு செஞ்ச வேல இல்ல இது. ஷிப்ட அமுக்கி மொத்தமாத் தொறந்திருக்காரு. தோப்புல கரண்டு போயிருக்கும். அவசரத்துல திரும்பிப் பாத்திருக்க மாட்டாரு" என்றார்.

உன் கடிதத்தை நான் அப்போது பிரிக்கவே இல்லை. அப்புறம் பிரித்து வாசித்தேன். கரண்டு, ஷிப்ட், எல்லாம் அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறாய்.

இருந்தாலும் நான் கேட்பேன். அவர் கேட்க மாட்டார், நான் கேட்கிறேன். தெரிந்து செய்தாயா?

இன்னொன்று. பேனரில் எல்லோரும் இருக்கிறார்கள். சேத்தூர்காரர் வீட்டுச் சின்னப்பிள்ளை ஒன்றுகூட மூலையில் அழிக்காமல் நிற்கிறது. தாய்மாமனைத்தான் காணோம்.

செல்வி.


இராஜபாளையம்,
16 ஆகஸ்டு 2025

செல்வி,

தெரிந்து செய்யவில்லை.

தோப்பு வாசலுக்கு வந்த உன் வீட்டுக்காரர் சொல்ல நினைத்ததும் இதே இரண்டு சொல்தான். நான் நாயை வைத்து அதைக் கேட்காமல் இருந்துகொண்டேன். அவருக்கோ என்னை நம்ப என் கடிதத்தைப் படிக்கும் அவசியம்கூட இருக்கவில்லை. நான் நடக்கலாம் என்பது வரையில்தான் போனேன். அதற்கே எனக்கு மூன்று பாகம் புத்தகம் தேவைப்பட்டது.

ஈஸ்வரிக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "அவிய ஒங்க மேல நாய அவுத்து விடல, பாத்தியளா?" என்றாள். இன்று அவளோடு பேசாமல் இருக்கவில்லை.

இதனால் கல்லூரி முதல்வரையும் மன்னித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அது வேறு வழக்கு.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கையேட்டின் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவருகிறேன். மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், அதில் இன்னும் சில இடங்களில் அம்பு போட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேனரையும் சரிசெய்துவிடலாம். சேத்தூர்ப் பிள்ளையை நான் வரும்வரை யாரும் அழிக்க வேண்டாம், பக்கத்து ரோமத்தைப் பூசுகிற வித்தையை அதில் செய்து பார்க்க வேண்டும். மாலைக்குப் பூக்கடையில் சொல்லியாயிற்று. மகாவின் உயரத்துக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று தெரியவில்லை, அளந்து வை.

என் படத்தை நான் வேண்டுமென்று விடவில்லை. எல்லோரையும் வைத்து முடித்தபிறகு எனக்கு எந்த இடம் என்று தெரியவில்லை. கையேட்டில் தேடிப் பார்த்தேன். எந்தப் பாகத்திலும் அது இல்லை. ஆகவே அதை மாப்பிள்ளையிடமே விட்டுவிடுகிறேன். அவர் எங்கே வைத்தாலும் சரி.

மேலே மட்டும் வேண்டாம் என்று சொல்.

அண்ணன்.